பல்ப் எங்கே?

கண்ணாடிப் பெட்டி இருட்டாகக் கிடந்தது. உள்ளே எரிய வேண்டிய பல்ப் இல்லை. பாம்பும் கண்ணில் படவில்லை; மரப்பட்டைக்கு அடியில் சுருண்டிருக்கும்.

இம்கே தோள்பையைக் கழற்றக்கூட இல்லை. ல்யூபெக்கில் ஹேண்ட்பால் போட்டியை முடித்துவிட்டு இப்போதுதான் சொந்த ஊரான கீலுக்குத் திரும்பியிருக்கிறாள். இது யார் வேலை என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டெட்லெஃப். அம்மாவின் புதுக் கணவர்.

லாரி ஓட்டுகிற ஆஜானுபாகுவான மனுஷர். ஆனால் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அறை வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே கிரிங்கல் இருக்கிறதே, அதுதான் காரணம். கிரிங்கல், அவள் ஆசையாக வளர்க்கும் சின்ன மலைப்பாம்பு. பெட்டிக்கு வயர் இழுத்தது, விளக்குப் பொருத்தியது எல்லாம் அவள் கைவேலைதான். அது எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும், சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நேரே கூடத்துக்குப் போனாள். டெட்லெஃப் சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பல்ப் எங்க?"

"குப்பைல போட்டுட்டேன்" என்றார், மெல்லிய குரலில்.

இம்கே பொரிந்து தள்ளினாள். வீட்டு ஹீட்டர் வெள்ளிக்கிழமையே படுத்துவிட்டது. வெளியே ஜனவரிக் குளிர். அந்த விளக்கு ஒன்றுதான் கிரிங்கலுக்குச் சூடு. தெரிந்தே அதைப் பிடுங்கினால் கொலை செய்வதற்குச் சமம் என்றாள்.

"நீங்க பயந்தாங்கொள்ளின்னு தெரியும். இவ்வளவு மோசம்னு தெரியாது."

அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மூச்சைக்கூட அளந்து விடுகிற மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்திருந்த அம்மா ஆன்ட்யே, கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஒரு சின்னக் கம்பிக் கூண்டு.

"பாத்ரூம்ல காஞ்சிட்டிருந்தது. இது பல்பைச் சுத்தி மாட்டுறதுதானே?"

இம்கேவுக்குச் சுருக்கென்றது. கழுவிக் காயவைத்தது அவள்தான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் திரும்ப மாட்டவில்லை.

மீதியை அம்மா சொன்னாள். காலையில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டு டெட்லெஃப் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். கிரிங்கல் எரிகிற பல்பைச் சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறது. தோல் கருகுவது பாம்புக்குச் சட்டென்று உறைக்காது. அது இம்கேவுக்குத் தெரியும், அதற்காகத்தான் அந்தக் கூண்டே. அவர் சுவிட்சை அணைத்துவிட்டு, கையை உள்ளே விட்டு, அதைப் பிரித்து எடுத்திருக்கிறார். அந்த இழுபறியில் பல்ப் விரிசல் விட்டுவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறந்திருக்காது. கால்நடை டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டிருக்கிறார். காயம் லேசுதான், ஆனால் குளிர விடக் கூடாது, சுடுதண்ணீர்ப் பையும் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

"அப்ப..." இம்கேவின் குரல் இறங்கிவிட்டது. "இப்ப அது எங்க?"

டெட்லெஃப் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஸ்வெட்டர் கழுத்தைக் கொஞ்சம் விலக்கினார். அவர் தொண்டையோரம் கிரிங்கலின் தலை தெரிந்தது.

"நான் வாங்கிக்கிறேன்னு எவ்வளவோ சொல்லிட்டேன், தரமாட்டேங்கிறார்" என்றாள் அம்மா.

இம்கே அவசரமாக இரண்டு கையையும் நீட்டினாள்.

"தர்றேம்மா" என்றார் டெட்லெஃப், கண்ணைத் திறக்காமலே. "முதல்ல உன் கையைச் சூடு பண்ணிக்கிட்டு வா. இப்பதான் அதுக்குக் குளிர் விட்டிருக்கு."