ஜிம்மியின் இங்கிலீஷ்

1968-இல் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ஞானராஜ், அதட்டுவதற்கு ஆபீசில் ஆளில்லாமல் போனதால் ஒரு நாய்க்குட்டி வாங்கினார்.

"நல்ல பழக்கத்தைக் குட்டியிலேயே போட்டுடணும்" என்று அரூர் முழுக்கச் சொல்லி வந்தார். "கம்" என்றால் சாப்பாட்டுக்கு வரவேண்டும். ஜிம்மியும் வேளை தவறாமல் ஓடி வந்தது.

"இங்கிலீஷ் புரியுது, பாத்தியா!" என்று மீசையை நீவிக்கொள்வார்.

மனைவி மதலேனம்மாளை அடக்கம் செய்து மூன்று நாளாயிற்று. ஜிம்மி கட்டிலுக்கடியை விட்டு வரவில்லை. ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

"கம், ஜிம்மி! கம்!"

அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுக் காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். "செத்துரப் போவுதுங்க. அக்கா கூப்புடற மாதிரி கூப்புட்டுப் பாருங்க."

"அவ நாயைக் கூப்பிட்டதே இல்ல. பழக்குனது பூரா நான்."

"நாயை எங்கீங்க கூப்புட்டாங்க? உங்களைத்தான் கூப்புடுவாங்க. அந்தச் சத்தம் கேட்டா உங்களுக்கு முந்தி அது ஓடியாரும். என் வூட்டுலருந்து தெனம் பாக்கறனே."

அவள் போனதும் ஞானராஜ் கதவைச் சாத்தினார்.

மேலதிகாரியைத் தவிர யாருக்கும் 'ங்க' போட்டறியாத மனிதர், கட்டிலருகே மண்டியிட்டார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, மெல்லக் கூப்பிட்டார்.

"ஏனுங்க... களி ஆறுது. சாப்புட வாங்க."

ஜிம்மி துள்ளி வந்தது. அவரைத் தாண்டி, நேரே அடுப்படிக்கு ஓடியது.