மின்னல் நடேஷின் புது ஸ்டைல்

கடலூர் பீச் மேடைக்கு முன்னால், ராஜவேல் இடது கையை இடுப்பில் ஊன்றியபடி மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அமரா, மின்னல் நடேஷ் கச்சேரிக்கு நீ இப்பதான் மொத தடவ வர்ற. நல்லா கவனி. சிந்தசைசர் அலறும், லைட்டுல கண்ணு கூசும். மூணாவது பாட்ட மேடைப் படியில உக்காந்துதான் பாடுவாரு. போன மாசம் பாண்டிச்சேரில பாத்தேன், என்னா கெத்து!"

"அப்படியா?" என்றாள் அமராவதி.

"முன்னெல்லாம் குதிச்சி குதிச்சி ஆடுவாரு. இப்ப இடுப்புல கைய வெச்சி மெதுவா ஒரு சுத்து, அவ்ளோதான். கூட்டமே கத்தும். இந்த வயசுலயும் புது ஸ்டைல் கண்டுபுடிக்கிறாரு பாரு! அதான் நானும் இப்படியே நிக்கிறேன்."

அமராவதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. கச்சேரி முடிந்ததும் செல்ஃபிக்காக அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார். நடேஷ் அமராவதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க டாக்டரம்மா! நீங்க சொன்ன மாதிரியே மூணாவது பாட்டுல உக்காந்துட்டேன். குதிக்கவே இல்ல. சுத்தும்போதுகூட இடுப்பப் புடிச்சிக்கிட்டேன். வலி ஜாஸ்தி இல்ல."

ராஜவேல் மனைவியை முறைத்தார். "எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்லியிருந்தா சிதம்பரத்துக்கு வந்து என் கிளினிக்லயே பாய் போட்டு படுத்துருப்பீங்க."

நடேஷின் பார்வை, இன்னும் இடுப்பிலேயே ஊன்றியிருந்த ராஜவேலின் இடது கையில் நின்றது.

"அடடா, சாருக்கும் இடுப்பு வலியா?"