தபால்காரர் சிலைக்கு ஓர் அனுமதி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் பதிப்பகத்தில் என் கையெழுத்து விழாமல் ஒரு படமும் அச்சேறாது. என் பதவி, பட உரிமை மேலாளர். எனக்குக் கீழே யாரும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான் அன்று ஆஸ்பத்திரியில், மாமனாரின் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ‘நம் நகரச் சிற்பங்கள்’, மை வாசனை போகாத புத்தகம்.

மாமனார் சிற்பி. தலைமைத் தபால் நிலைய வாசலில் குடையோடு நிற்கும் சிமெண்ட் தபால்காரர் அவர் கைவேலை. செய்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதைப் புத்தகத்தில் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தார். டாக்டர் ஒரு மாதம் தாங்கலாம் என்றிருந்தார்.

“எந்தப் பக்கம் மாப்பிள்ளை?”

நூற்றுப் பன்னிரண்டு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். உள்ளே, ‘உரிய அனுமதி கிடைக்கப்பெறாததால் படம் இடம்பெறவில்லை.’

வாசகம் என்னுடையது. முதலில் ‘கிடைக்காததால்’ என்றுதான் எழுதினேன். பிறகு திருத்தி, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

“செஞ்சவன் நான் இங்கதானே இருக்கேன். என்னைக் கேட்டிருக்கலாமே?”

“சிலை நகராட்சி சொத்து மாமா. எழுதிப் போட்டு எட்டு மாசம் ஆச்சு. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அந்தச் சட்டப் புத்தகம் என் மேஜையிலேயே இருந்தது. அதன்மேல்தான் டீ கிளாஸ் வைப்பேன்.

அவர் வாதாடவில்லை. சட்டம் படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று என்னைப் பிடித்தவர்.

கட்டத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார், ஈரப் பூச்சு இறுகிவிட்டதா என்று பார்ப்பதுபோல. பிறகு புத்தகத்தைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டினார்.

“நம்ம சிலை. மாப்பிள்ளை ஆபீஸ் புக்கு.”

அந்த மனிதர் வெறும் கட்டத்தை உற்றுப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார்.

“அம்சமா இருக்குங்க” என்றார்.

அவர் சட்டம் படிக்காதவர்.

மாமனார் போய்ப் பத்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து பதில் வந்தது.

‘பொது இடத்தில் நிரந்தரமாக நிறுவப்பட்டுள்ள சிலையைப் படமெடுக்கவோ வெளியிடவோ எவருடைய அனுமதியும் தேவையில்லை. எனவே அனுமதி கோரும் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.’