விருந்தாளிச் செலவு

"விருந்தாளின்னு ஒரு வரி போட்டிருக்கேன் பாருங்க. போன மாசம் மட்டும் பதினோராயிரத்து நானூறு. இதை என்ன பண்ணலாம்?"

சத்யப்ரியா மடிக்கணினியைக் கணவன் பக்கம் திருப்பி வைத்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது. செவிலிமேட்டில் இருக்கும் அந்த வீட்டில் அன்றைக்கு இட்லிக்கு முன்பே பட்ஜெட் வந்துவிடும். அவள் வங்கி அதிகாரி. குரு ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் மேனேஜர். இரண்டு சம்பளமும் சேர்ந்து ஒன்றே முக்கால் லட்சம் வருகிறது. ஆனால் இருபதாம் தேதிக்கு மேல் கிரெடிட் கார்டைத் தேய்த்துத்தான் குடும்பம் ஓடுகிறது. அந்தக் கடுப்பில் போன மாதம் அவனுடைய ஜிம்மை நிறுத்தினாள். இந்த மாதம் சொந்தபந்தத்தின் மேல் கை வைத்துவிட்டாள்.

குரு திரையை எட்டிக்கூடப் பார்க்காமல் அவசரமாகச் சொன்னான்.

"வூடு தேடி வர்ற சொந்தக்காரங்கம்மா. சோறு போடாம அனுப்ப முடியுமா?"

"நம்மளைப் பார்க்கவா வந்துக்கினு இருக்காங்க? பட்டு எடுக்க வர்றாங்க. காஞ்சிபுரத்துல வீடு கட்டினது நம்ம தப்பு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. இந்த ஊரில் குடியிருப்பவர்கள் தலையெழுத்து அப்படி. எந்த மூலையில் எந்த உறவுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், அடுத்த ஞாயிறு வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். முதலில் டிபன். பிறகு காமாட்சி அம்மன் தரிசனம். அங்கிருந்து குரு வழிகாட்ட எல்லோரும் பிள்ளையார்பாளையத்துக்குப் போவார்கள். அங்கே உமாபதி என்பவர் வீட்டிலேயே தறி போட்டுப் புடவை விற்கிறார். அரை நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்து எடுத்துவிட்டு, பசியோடு திரும்பி வந்து சத்யப்ரியாவின் சாம்பாரைக் காலி செய்வார்கள்.

"தை பொறந்ததுலேர்ந்து மூணு வேன் வந்தாச்சு. இனிமே யாரும் வரவேணாம்னு சொல்லிடலாம். கடை அட்ரஸை அனுப்பினா அவங்களே போய் எடுத்துக்குவாங்க."

"ஐயோ, மானமே போயிடும் சத்யா. காஞ்சிபுரத்துல நம்ம குரு இருக்கான்னு நம்பி வர்றாங்க. எங்கப்பா இருந்த வரைக்கும் ஒருத்தரையும் வெறும் வயித்தோட அனுப்பினது இல்ல. பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். மனுஷங்க வேணாமா நமக்கு?"

கேட்டவர்களுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். சத்யப்ரியாவுக்குக் கலங்கவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் காதைக் குடைந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் பார்த்து குருவின் போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து பாண்டியன் சித்தப்பா.

"குரு, நம்ம காயத்ரிக்கு நிச்சயம் ஆயிடுச்சுபா. வர்ற ஞாயித்துக்கிழமை பதினாலு பேரு வர்றோம். கூரைப்புடவை, சம்பந்தி வூட்டுக்கு, நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு, எல்லாம் உங்க ஊர்லதான். மூணு லட்சம் எடுத்து வச்சிருக்கேன்."

குருவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் சித்தப்பா" என்று ஆரம்பிப்பதற்குள் சத்யப்ரியா போனைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுக்காமல் இருக்க முடியுமா? போச்சு, இன்றோடு எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே கொடுத்தான்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? தாராளமா வாங்க. ஆனா அன்னிக்கு வீட்ல சமைக்கல. புடவை எடுத்து முடிச்சதும் எல்லாரும் ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க. அடுப்படியில நின்னா உங்க கூட வர முடியாது, அதான். இந்தத் தடவை நானே கூட வந்து, பார்த்து எடுத்துத் தர்றேன்."

"அதாம்மா சரி. குருவுக்குப் புடவையைப் பத்தி என்னா தெரியும்? நீ வந்தா எங்களுக்குத் தெம்பு. சாப்பாட்டை நாங்க பார்த்துக்கிறோம்."

போனை வைத்தாள். விருந்தாளி வரியில் பதினோராயிரத்து நானூறை அழித்துவிட்டு முட்டை போட்டாள். ஒரு சொந்தக்காரர் மனமும் கோணவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

குருவுக்கு மட்டும் முடியவில்லை. "உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? கிடைக்கிறதே ஒரு நாள் லீவு. எப்பவும்போல நானே கூட்டிக்கினு போறேனே."

"நீங்க ரெஸ்ட் எடுங்க. பாவம், எத்தினி வருஷமா தனியாவே அலையறீங்க."

குரு தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி மொட்டை மாடிக்கு ஏறினான். தொட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி உமாபதிக்குப் போன் செய்தான்.

"அண்ணே, வர்ற ஞாயிறு மூணு லட்ச ரூபாய்க்குப் பார்ட்டி வருது. இந்தத் தடவை என் வீட்டுக்காரம்மாதான் கூட்டிக்கினு வர்றாங்க. எனக்கு நீங்க வழக்கமாத் தர்ற மூணு பர்சன்ட் கமிஷனைப் பத்தி அவங்க முன்னாடி மூச்சு விட்டுடாதீங்க. எப்பவும்போல என் அக்கவுன்ட்ல போட்டுடுங்க."

உமாபதி சிரித்துவிட்டார்.

"என்னா சார், உங்களுக்கு விஷயமே தெரியாதா? மேடம் புதன்கிழமையே வந்து, அதை அஞ்சு பர்சன்ட்டா பேசி முடிச்சு, அவங்க அக்கவுன்ட் நம்பரைக் குடுத்துட்டுப் போயிட்டாங்களே."