பன்னிரண்டு அங்குலக் கடல்

"இருபத்து மூணு இஞ்சு! நம்ம வூட்டு ஜன்னலை விடப் பெருசு!" மேஜையின் இடது பக்கம் இருந்த டி.வி.யைத் தட்டிக் கொடுத்தார் ஜேக்கப். "தேக்குப் பலகை. ரெண்டு ஸ்பீக்கரு. தூக்கறதுக்கே மூணு ஆளு ஆச்சு. அந்தாண்ட கீறது வெறும் பன்னண்டு. சோப்பு டப்பா மாதிரி."

"உங்க ஜன்னலைப் போட்டா வூட்டு பல்பெல்லாம் அழுதுகினு எரியுது நைனா," என்றாள் ரோஸ்மேரி. "வால்வு சூடாகறதுக்குள்ள நான் காப்பியே போட்டு முடிச்சிட்டேன். சோப்பு டப்பா டிரான்சிஸ்டர். போட்ட உடனே வெளிச்சம் வருது."

ஜேக்கப் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எடை தெரியாமல் எதையும் தூக்கமாட்டார். மகளுக்கு வந்த இரண்டு வரன்களைத்தான் அவரால் எடை போட முடியவில்லை. சவரிநாதன், லியோனார்ட் இருவருக்கும் ஒரே கப்பலில் வேலை, ஒரே சம்பளம். இருவருமே பூசைக்குத் தவறாதவர்கள். போதாக்குறைக்கு, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கையோடு ஆளுக்கொரு டி.வி.யை அவர் வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். சவரிநாதனுடையது பெரியது, லியோனார்டுடையது சின்னது.

"ஞாயித்துக்கிழமை கோயில்ல உன் கல்யாணத்துக்கு மொத ஓலை வாசிக்கணும். இன்னிக்கே சாமியாராண்ட மாப்பிள்ளை பேரைக் குடுக்கணும்," என்றார் ஜேக்கப். "என் கண்ணுலதான் புரை வுழுந்து கீதே. நீயே பாரு. எதுல படம் தெளிவா கீதோ, அந்தப் பையன் பேரைக் குடுத்துர்றேன்."

ரோஸ்மேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் அந்த இருவரோடு நாலு வார்த்தை பேசியதில்லை. ஆயுசு முழுக்க யாரோடு என்பதை இரண்டு பெட்டிகளைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்றால்?

"மாமா! இப்போ?" மொட்டை மாடியிலிருந்து சவரிநாதனின் குரல் வந்தது. அங்கே அவன் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தான். முறை வைத்துக் கூப்பிட இப்போதே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னாம்மா தெரியுது?" என்று ஜேக்கப் மகளைக் கேட்டார்.

"மழையா தெரியுது நைனா."

"மழை!" என்று மேலே பார்த்துக் கத்தினார் ஜேக்கப். "கோயில் பக்கம் திருப்பு!"

"இப்போ?"

"இன்னும் மழைதான்! எல்லாம் ஹார்பர்ல கீற அந்தக் கப்பல் பண்ற பேஜாரு. காலையிலேர்ந்து குறுக்க நின்னுகினு கீது. அம்மாம் பெரிய இரும்பு மறைச்சா படம் எப்படி வரும்? இரு, நான் வர்றேன்!"

ஜேக்கப் மாடிப்படி ஏறினார்.

லியோனார்ட் மட்டும் ஆண்டெனா பக்கமே போகவில்லை. சின்ன டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க மாடிக்குப் போகலையா?" என்றாள் ரோஸ்மேரி.

"இங்கயே நல்லாத்தான் கீது."

அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சின்னக் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக ஓடின. 'ஸ்...' என்ற சத்தம் கரையில் அலை வடிகிற சத்தம் போலவே இருந்தது. பார்க்கப் பார்க்கக் கண் பழகியது. மேலே அப்பா கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. மேஜை, சுவர், தெரு எல்லாம் மெல்ல மெல்ல விலகிப்போய், அந்த வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒரு படகு வருது," என்றாள் மெதுவாக.

"ஆமா. பாய் வலது பக்கம் சாஞ்சுகினு கீது."

அவளுக்குச் சிலிர்த்தது. பாய் வலது பக்கம்தான் சாய்ந்திருந்தது.

"படகுல யாரு?"

"ரெண்டு பேரு. ஒரு பொண்ணு. முடி காத்துல பறக்குது."

"பக்கத்துல?"

"அந்த ஆள் மூஞ்சி எனக்குச் சரியா தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

ரோஸ்மேரி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கன்னம் சூடானது.

ஜேக்கப்பும் சவரிநாதனும் வியர்த்து வழிய இறங்கி வந்தார்கள்.

"பெருசுல இன்னா தெரியுது?" என்றார் ஜேக்கப்.

"மழை."

"சின்னதுல?"

"கடல் நைனா. படகு, பாய், ஆளு எல்லாம் தெளிவா தெரியுது."

ஜேக்கப் சின்ன டி.வி.யில் மூக்கு ஒட்டப் பார்த்தார். தன் கண் புரையைத் திட்டிக்கொண்டார். சவரிநாதனும் எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது போலும். "ஆமா மாமா, படகுதான்," என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப சரி. லியோனார்ட் பேரைக் குடுத்துர்றேன்," என்று ஜேக்கப் சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். அவர் பின்னாலேயே சவரிநாதனும் தலையைத் தொங்கப்போட்டபடி போனான்.

வாசலில் செருப்பு மாட்டிய லியோனார்ட் தயங்கி நின்றான்.

"ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி உங்களாண்ட ஒண்ணு சொல்லிடணும். என்னிக்காவது சேர்ந்து பாக்கலாம்னுதான் அந்த டி.வி.யை வாங்கினேன். ஆனா வாங்கும்போதே எனக்குத் தெரியும், இப்போ..."

"இப்போ மெட்ராஸ்ல டி.வி. ஸ்டேஷனே கிடையாது, அதானே? எனக்கும் தெரியும், பேப்பர்ல போட்டிருந்தான்," என்றாள் ரோஸ்மேரி. "அந்தப் படகுல பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான்."