ஈரத் துண்டின் எடை

“ஈரம் காஞ்சா நூல் கொறஞ்சிப் போச்சின்னு அர்த்தமா?”

சிவசங்கரன் போட்ட சத்தம் தறிக்கொட்டகையைத் தாண்டித் தெரு வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, தறிகள் ஓடவில்லை. ஓடியிருந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை யார் காதிலும் விழுந்திருக்காது.

தாட்சாயணி தராசை விட்டு இறங்கவில்லை. நூல் மூட்டை நிறுக்கிற தராசு அது. அதன்மேல் நின்றபடியே சிவப்பு எண்ணைக் கையால் காட்டினாள்.

காலையில் நடக்கக் கிளம்பும்போது எழுபத்திரண்டு கிலோ நானூறு. இப்போது எழுபத்தொன்று அறுநூறு. ஒரு மணி நேரத்தில் எண்ணூறு கிராம். தராசு பொய் சொல்லுமா என்று கேட்டாள்.

வருகிற வியாழக்கிழமை திருப்பதி ஆஸ்பத்திரியில் நிறுக்கும்போது அவள் எழுபதுக்குள் இருக்க வேண்டும். இருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வார்கள்.

அந்த இரண்டு மாதம் அவளால் பொறுக்க முடியாது.

அதனால்தான் இந்த மே மாத வெயிலில், நூல் மூட்டைக்குள் வரும் பிளாஸ்டிக் தாளை உடம்பில் சுற்றி, மேலே புடவையைக் கட்டிக்கொண்டு, காலேஜ் மைதானத்தை இருபது சுற்று வந்தாள். யோசனை சொன்னது எதிர்வீட்டுக் கன்னியம்மாள். வேர்வையாக வழிவதெல்லாம் உருகின கொழுப்புதான் என்று அடித்துச் சொன்னவள், இவள் திரும்பி வரும்போது வாசலில் நின்று, நூல் மூட்டை தானாக நடந்து வருகிறதே என்று சிரித்தாள்.

சிரித்தால் சிரிக்கட்டும். முந்தானையைப் பிழிந்தால் சொட்டியது. இத்தனை வேர்வை சும்மாவா போகும்?

ஆனால் ஈரத்தைப் பற்றி சிவசங்கரனிடம் வாய் கொடுக்க முடியாது. இருபத்தாறு வருஷமாக நகரியில் நூல் நிறுத்து வாங்குகிறவர். சாயப்பட்டறையிலிருந்து வருகிற நூல் கட்டை எடுத்து முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால், காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஈரத்தை நூல் என்று சொல்லி அவர் தலையில் யாரும் கட்டியதில்லை.

அவள் கழுத்தில் போட்டுக்கொண்டு போன துண்டு கொடியில் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பழக்கதோஷத்தில் கன்னத்தில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் துண்டைத் தராசில் போட்டார். எழுநூறு கிராம். அதோடு ஜோடியாக வாங்கின இன்னொரு துண்டைப் போட்டார். அது காய்ந்தது. இருநூற்றைம்பது.

“கொழுப்பு எங்கியும் போவல. பாதி இந்தத் துண்டுல கீது, மீதி காத்துல போச்சி.”

நடக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் சொட்டு வேர்வை இல்லாமல் நடந்தாலும் இருபது சுற்று இருபது சுற்றுதான், உடம்பு கொழுப்பை எரிப்பது கிட்டத்தட்ட அதேதான் என்றார். வேர்ப்பது உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்கிற வேலை, அவ்வளவுதான். போன மாதம் அவள் எழுபத்துநான்கு. ராத்திரிச் சோற்றை விட்டு, தினமும் நடந்து, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறாள். அது நிஜம். இன்றைக்கு இறங்கினது ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

அப்படியென்றால் வியாழக்கிழமை வரை தண்ணீரே குடிக்கமாட்டேன் என்றாள். நேற்று ராத்திரியிலிருந்தே இரண்டு மடக்குதான் குடித்திருந்தாள். பேசும்போது நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

அவர் குடத்தடிக்குப் போனார். பெரிய சொம்பை முக்கி, வழிய வழிய எடுத்து வந்தார். வலது கையில்தான் எடுத்து வந்தார். இடது கையில் அவர் எதையும் தூக்குவதில்லை. இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

“வாணாங்க. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டுடுவாங்க.”

“போடட்டுமே. வாரத்துக்கு மூணு நாளு மிஷின்ல படுக்கறவன் நானு. இன்னும் ரெண்டு மாசம் படுத்துட்டுப் போறேன்.”

அவள் சொம்பைத் தொடவில்லை.

“நீ காய வெச்சிக்கினு கீறது கொழுப்ப இல்ல, தாட்சா. எனக்குக் குடுக்கப் போற கிட்னிய.”

ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸ் மிஷினில் படுக்கும் முன்னால் அவரை நிறுப்பார்கள். இடது கையில் ஊசி ஏற்றி ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். எழுந்ததும் நிறுப்பார்கள். நாலு மணி நேரத்தில் இரண்டரைக் கிலோ இறங்கியிருக்கும். அத்தனையும் தண்ணீர். தொப்பை அப்படியேதான் இருக்கும். இரண்டு வருஷமாக அவருக்கு அளந்த தண்ணீர்தான், சின்ன டம்ளரில்.

தாட்சாயணி சொம்பை வாங்கி அண்ணாந்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை, சொம்பு காலியாகும் வரை, அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அவளாகவே தராசில் ஏறினாள். எழுபத்திரண்டு நானூறு.

வியாழக்கிழமை போய், உள்ள எடையை உள்ளபடியே நிறுக்கச் சொல்லப்போகிறார்கள். நடையை விடமாட்டாள், பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில், வீட்டில் ஒருவருக்குக் கிட்னி கொடுப்பதற்காக உடம்பைக் குறைத்தவர்கள் யாராவது இருந்தால், கடைசி இரண்டரைக் கிலோவை எத்தனை நாளில், என்ன தின்று, எப்படி நடந்து குறைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான் அதைத் தாட்சாயணிக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

தண்ணீரைக் குறை என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். சிவசங்கரனும் கூடவே உட்கார்ந்து கேட்பார்.