பைக்குள் ஒரு அட்டை

"என்ன டீச்சர், எம் பையன் என்ன திருடனா?"

வாசலிலேயே எகிறினார் அப்பா. பள்ளி வேன் பழுது என்பதால் இன்று மகனைக் கூட்டிப்போக அவரே வந்திருந்தார். வந்த இடத்தில், நாலு வயதுப் பிள்ளையின் பைக்குள் டீச்சர் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? "அட்டை இருக்கா டீச்சர்?" என்று ஆயா கேட்டது வேறு காதில் விழுந்துவிட்டது.

"உட்காருங்க சார்."

"உட்கார வரல. பேச்சு வரும்னு இங்க சேர்த்து ஆறு மாசமாச்சு, அவன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. நீங்க என்னடான்னா சுவரெல்லாம் படத்தை ஒட்டி வெச்சிக்கிட்டு..."

டம்ளர், பந்து, செருப்பு, கழிப்பறை என்று சுவர் முழுக்கப் பட அட்டைகள். அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு ஓடி வந்து, டம்ளர் அட்டையைப் பிய்த்து டீச்சர் கையில் வைத்தாள்.

"தண்ணியா? இந்தாடா கண்ணு."

மடக் மடக்கென்று குடித்துவிட்டு ஓடிப்போனாள்.

"பேச்சு வர்றப்ப வரட்டும் சார். அதுவரைக்கும் ஆசையை மனசுக்குள்ளயே பூட்டி வெச்சிக்க முடியுமா? எது வேணுமோ அந்த அட்டையைக் கையில குடுத்தா, கேட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, பையை எதுக்குக் குடையறீங்க?"

"உங்க பையன் தினமும் ஒரே அட்டையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறான். அது திரும்பி வர்றதே இல்ல. சொல்லலாம்னு போன் பண்ணா, மீட்டிங்னு வெச்சிடறீங்க."

"மறுநாள் சாப்பிட்ட கையோட டீச்சர் புதுசா ஒண்ணு வரைய உட்கார்ந்துடுவாங்க" என்றார் ஆயா. "நானே எத்தனை தடவை சலிச்சிக்கிட்டேன். இவங்க சலிச்சதே இல்ல."

"ஒரு அட்டைக்கு இவ்வளவு அக்கப்போரா? எடுத்துட்டானான்னு சோதனை வேறயா?"

"ஐயோ, இல்ல சார். இன்னிக்கு எடுத்துக்க மறந்துட்டானான்னு பார்த்தேன்."

டீச்சர் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். கண்ணாடியும் மீசையுமாக ஒரு ஆள். அவர் தோளில் ஒரு பையன்.

அப்பாவின் கை தானாகத் தன் மீசைக்குப் போனது.

தினமும் சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் மகன் எதையோ கையில் திணிப்பான். போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். மகன் அங்கேயே நிற்பான்.

இப்போதும் மகன் வந்தான். டீச்சரிடமிருந்து அட்டையை வாங்கினான். அப்பாவின் கையில் வைத்தான். வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

அப்பா அப்படியே குனிந்து அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவன் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தான்.

"தினமும் கேட்டிருக்கான் டீச்சர்" என்றார் அப்பா. "நான்தான் குப்பையில போட்டிருக்கேன்."